மரபியல் முதுநிலை முடிக்கப்போகும் எஃப்-1 (மாணவர் விசா) மாணவி: பணி அனுமதியோடு அமெரிக்காவில் வேலை தேடுவது எப்படி?

கோவைக்குயில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் உயிரித்தொழில்நுட்பத்தில் பி.டெக். முடித்துவிட்டு, அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மனித மரபியலில் முதுநிலைப் பட்டம் படித்துவருகிறேன். வருகிற மே மாதம் படிப்பு முடிகிறது. பரம்பரையாக வரும் இதயத் தசை நோய்களில் காணப்படும் மரபணு மாறுபாடுகளை வகைப்படுத்துவதுதான் என் ஆய்வேட்டின் பொருள். டிஎன்ஏ வரிசைமுறைக்கான மாதிரிகளைத் தயாரிக்கவும், கிடைக்கும் தரவைப் பைத்தானிலும் ஆர் மொழியிலும் அலசவும் பழகியிருக்கிறேன்.

வேலைத் தளங்களில் ‘ஜெனடிசிஸ்ட்’ என்று தேடினால் வருபவை மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலானவை மருத்துவப் பட்டமோ முனைவர் பட்டமோ கேட்கின்றன, அதற்கு மேல் வாரியச் சான்றிதழும் கேட்கின்றன. எஞ்சியவற்றுக்கு விண்ணப்பித்தால், இப்போதோ பின்னாளிலோ விசா ஸ்பான்சர்ஷிப் (நிறுவனம் விசாவுக்கு மனு போடுவது) தேவைப்படுமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்த அன்றிரவே மறுப்பு வந்துவிடுகிறது. படிப்பு முடிந்தபின் வேலை செய்ய எஃப்-1 மாணவர்களுக்குத் தரப்படும் ஓபிடி அனுமதியும் அதன் நீட்டிப்பும் சேர்ந்து மூன்றாண்டுகள் இருப்பதால் ‘இல்லை’ என்று குறித்தால் போதும் என்று தோழிகள் சிலர் சொல்கிறார்கள். அது சரியா? எந்தப் பதவிப் பெயர்களில் தேட வேண்டும், எத்தகைய நிறுவனங்களை அணுக வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. நோயறிதல் ஆய்வகம் ஒன்றில் மாறுபாடுகளை வகைப்படுத்தும் குழுவில் பணியாற்றுகிறேன் என்பதால் உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என்னால் விடை சொல்ல முடியும்.

அமெரிக்க மருத்துவத் துறையில் அந்தப் பதவிப் பெயர் பெரும்பாலும் இரண்டு வகையினருக்கு உரியது. ஒருவர், நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். மற்றவர், முனைவர் பட்டமோ மருத்துவப் பட்டமோ பெற்றபின் ஆய்வக மரபியலில் ஈராண்டு ஃபெலோஷிப் முடித்து, மருத்துவ மரபியல் வாரியமான ஏபிஎம்ஜிஜி நடத்தும் தேர்வில் தேறி, சோதனை அறிக்கைகளில் கையொப்பமிடும் ஆய்வக இயக்குநர். முதுநிலைப் பட்டதாரிக்கு அந்தக் கதவு திறக்காது என்பதால் அந்தச் சொல்லை வைத்துத் தேடுவதை விட்டுவிடுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு நேராகப் பொருந்தும் வேலை ‘வேரியன்ட் சயின்டிஸ்ட்’, ‘வேரியன்ட் கியூரேட்டர்’, ‘ஜீனோம் அனலிஸ்ட்’ என்ற பெயர்களில் வருகிறது. தரவுப் பக்கம் சாய்ந்தால் ‘பயோஇன்ஃபர்மேடிக்ஸ் அனலிஸ்ட்’ என்றும், ஆய்வக மேசைப் பக்கம் சாய்ந்தால் ‘ரிசர்ச் அசோசியேட்’, ‘மாலிகுலர் டெக்னாலஜிஸ்ட்’ என்றும் தேடுங்கள். கடைசியாகச் சொன்ன பதவிக்கு அமெரிக்க மருத்துவ நோயியல் சங்கமான ஏஎஸ்சிபி வழங்கும் மூலக்கூறு உயிரியல் சான்றிதழைப் பல ஆய்வகங்கள் விரும்பும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் நோயாளிகளின் மாதிரிகளைச் சோதிப்பதற்கு மாநில உரிமமே வேண்டும், அதைப் பெறக் காலமும் பிடிக்கும். உரிமம் கேட்காத மாநிலங்களிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

நேர்காணலில் மாறுபாடுகளை வகைப்படுத்த அமெரிக்க மருத்துவ மரபியலாளர் அமைப்பான ஏசிஎம்ஜி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைத்தான் நாங்கள் துருவிக் கேட்போம். ஒரு மாறுபாட்டைக் கொடுத்து, அதை நோய் விளைவிப்பது என்பதா, பொருள் உறுதியாகாதது என்பதா என்று கேட்கும்போது, பல்லாயிரம் பேரின் மாறுபாடுகளைத் தொகுத்த நோமாட் தரவுத்தளத்தில் அதன் நிகழ்வெண்ணையும் மாறுபாடுகளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தொகுக்கும் கிளின்வாரில் ஏற்கெனவே உள்ள பதிவுகளையும் எடுத்துவைத்து வாதிடத் தெரிய வேண்டும். இதயத் தசை நோய்களில் எம்ஒய்பிபிசி3, எம்ஒய்எச்7, டிடிஎன் ஆகிய மரபணுக்கள் திரும்பத் திரும்ப வருவதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிடிஎன் மரபணுவில் புரதத்தை இடையில் துண்டிக்கும் மாறுபாடுகள் நலமானவர்களிடமும் காணப்படுகின்றன. அவற்றை எப்படி எடைபோட்டீர்கள் என்று ஒரு பத்தியில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தால், பட்டியல் போட்ட மென்பொருள் பெயர்களைக் காட்டிலும் அதுவே எங்கள் கண்ணில் படும்.

இனி ஸ்பான்சர்ஷிப் கேள்வி. ‘இல்லை’ என்று குறிக்காதீர்கள். கேள்வியிலேயே ‘பின்னாளில்’ என்று இருக்கும்போது, எச்-1பி என்ற வேலை விசா தேவைப்படப்போவது தெரிந்தே மறுத்தால் அது பொய்யாகும்; பிறகு நிறுவனத்தின் வழக்கறிஞர் கோப்பைத் திறக்கும் நாளில் அது வெளிப்பட்டு வேலையே போகலாம். ‘சட்டப்படி வேலை செய்ய அனுமதி உண்டா’ என்ற கேள்விக்கு ஓபிடி அட்டை இருப்பவர் ‘ஆம்’ என்று குறிக்கலாம். இரண்டாவது கேள்விக்கும் ‘ஆம்’ என்பதுதான் நேர்மையான விடை. விளக்கம் எழுத இடம் கொடுத்தால், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கான) நீட்டிப்புடன் 36 மாதங்கள் வரை நிறுவனம் எந்த விசா மனுவும் தாக்கல் செய்யத் தேவையில்லை என்று ஒரே வரியில் எழுதுங்கள். மனிதவளத் துறையினரில் பலருக்கு இது தெரியாது.

சந்தை நிலவரத்தையும் மறைக்க விரும்பவில்லை. மரபணுச் சோதனை நிறுவனங்களில் இன்விட்டே 2024-இல் திவாலாகி லேப்கார்ப் என்ற ஆய்வக நிறுவனத்தின் கைக்குப் போனது, 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அங்கிருந்து வெளிவந்த அனுபவசாலிகளும் உங்களோடு அதே வேலைகளுக்குத்தான் போட்டியிடுகிறார்கள்.

ஆய்வகவாசி எழுதியது:

மேலே நண்பர் பதவிப் பெயர்களைச் சொல்லிவிட்டார். எந்த வகை நிறுவனம் என்பதுதான் அதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். நம் துறைக்கு இந்த விஷயத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கணினித் துறையினருக்கு அது பெரும்பாலும் இல்லை.

எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 என்ற உச்சவரம்பு உண்டு. அதற்காகத்தான் மார்ச் மாதத்தில் குலுக்கல். ஆனால் பல்கலைக்கழகங்கள், அவற்றோடு முறைப்படி இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகள், லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசு ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த உச்சவரம்புக்குள் வருவதில்லை. அவை ஆண்டின் எந்த மாதத்திலும் மனு தாக்கல் செய்யலாம். குலுக்கலும் இல்லை, குலுக்கலில் தேர்வானவர்களைப் போல அக்டோபர் வரை காத்திருப்பும் இல்லை. மரபியல் ஆராய்ச்சியில் பெரும்பங்கு நடப்பது இத்தகைய இடங்களில்தான். மாசசூசெட்ஸில் பிராட் நிறுவனம், மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம், மெம்ஃபிஸில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை, அலபாமாவில் ஹட்சன்ஆல்ஃபா எனத் தேடத் தொடங்கினால், பல மருத்துவப் பல்கலைக்கழகங்களிலும் மரபணு வரிசைமுறை மையம் ஒன்று இருப்பதைக் காண்பீர்கள். சம்பளம் தனியார் நிறுவனங்களை விடக் குறைவு என்பது உண்மை. இப்போதுள்ள சூழலில் நான் அதைப் பெரிதாக எண்ண மாட்டேன்.

அந்தச் சூழலையும் சொல்லிவிடுகிறேன். 2026 பிப்ரவரி 27 முதல் நடப்புக்கு வந்துள்ள விதியின்படி குலுக்கலில் எல்லோருக்கும் சம வாய்ப்பு கிடையாது. தொழிலாளர் துறை வகுத்த நான்கு சம்பள நிலைகளில் உச்சமான நான்காவதில் உள்ளவரின் பெயர் நான்கு முறை இடப்படும், முதல் நிலையில் உள்ளவரின் பெயர் ஒரே ஒரு முறைதான். படிப்பு முடித்தவுடன் சேரும் மரபியல் பட்டதாரி பெரும்பாலும் முதல் நிலையிலோ இரண்டாம் நிலையிலோதான் இருப்பார். ஆகவே குலுக்கலை மட்டும் நம்பித் தனியார் நிறுவனத்தில் சேர்வது முன்பைவிட ஆபத்தானது. புதிய எச்-1பி மனுக்களுக்கென 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணம் பலரை மிரட்டிவைத்திருக்கிறது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எஃப்-1 நிலையிலிருந்து எச்-1பி நிலைக்கு மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை 2025 அக்டோபரில் விளக்கியிருக்கிறது. நிலை மாற்ற மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போனால் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும், பிறகு கட்டணச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும் என்பதால், அக்காள் கல்யாணமே ஆனாலும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரையோ வழக்கறிஞரையோ கேட்காமல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஸ்டெம் நீட்டிப்பு பெற வேண்டுமானால் வேலை தருபவர் பணியாளரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் ஈ-வெரிஃபை முறையில் சேர்ந்திருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் கையொப்பமிடவும் வேண்டும். பேராசிரியர்கள் பலருக்கு இந்தப் படிவத்தின் பெயரே புதிதாக இருக்கும். தங்கள் பல்கலைக்கழகம் ஈ-வெரிஃபையில் இருக்கிறதா என்றும் தெரியாது. எனவே வேலையை ஏற்கும் முன்பே மனிதவளத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தந்த உங்கள் ஐ-20 படிவத்தில் படிப்பின் குறியீடு என்னவென்றும் பாருங்கள்: 26 என்று தொடங்கினால் ஸ்டெம் பட்டியலுக்குள் வரும். இந்த நாட்டில் எந்த நிறுவனம் எந்தப் பதவிக்கு எச்-1பிக்கான முதற்கட்டத் தொழிலாளர் நிபந்தனை விண்ணப்பம் போட்டது என்பதைத் தொழிலாளர் துறையே கோப்பாக வெளியிடுகிறது. அதில் ‘வேரியன்ட்’, ‘ஜெனடிக்’ என்ற சொற்களை வடிகட்டிப் பார்த்தால், யார் ஸ்பான்சர் செய்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை.

கோவைக்குயில் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐ-20 படிவத்தைப் பார்த்தேன், 26.0806 என்றிருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர், நிதி வரும் வரை ஊதியமில்லாமல் தன் ஆய்வகத்தில் தொடரலாம் என்கிறார். ஓபிடி காலத்தில் இதை ஏற்கலாமா? மேலும், இவ்வளவு சிக்கலுக்கு நேரே முனைவர் பட்டத்தில் சேர்ந்துவிடுவதே மேல் என்று வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

நெல்மணி எழுதியது:

முதல் ஐயத்துக்கு விடை எளிது. தொடக்க ஓபிடியின் 12 மாதங்களில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாட்கள் வரைதான் இருக்கலாம். உங்கள் படிப்போடு தொடர்புடைய, வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாத தன்னார்வப் பணி, தொழிலாளர் சட்டத்தை மீறாததாக இருந்தால், அந்தக் கணக்கு ஓடாமல் நிறுத்திவைக்கும். ஆகவே சில வாரங்களுக்கு ஏற்கலாம். பேராசிரியரிடம் தேதியும் மணி நேரமும் குறித்த கடிதம் வாங்கி, விவரத்தைப் பல்கலைக்கழக அலுவலரிடம் பதிவுசெய்துவிடுங்கள். ஆனால் ஸ்டெம் நீட்டிப்பில் ஊதியமில்லா வேலை செல்லாது. ‘நிதி வரும் வரை’ என்ற சொல்லையும் சற்று ஐயத்தோடு பாருங்கள்: 2025-இல் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்ஐஎச்சின் நிதியுதவிகள் பல திடீரென நிறுத்தப்பட்டதிலிருந்து, நல்லெண்ணம் உள்ள பேராசிரியர்களே தங்களால் காப்பாற்ற இயலாத வாக்கைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஓபிடி விண்ணப்பத்தைப் படிப்பு முடிவதற்கு 90 நாட்கள் முன்பிருந்தே அனுப்பலாம். தொடங்கும் தேதியைப் படிப்பு முடிந்தபின் வரும் 60 நாட்களுக்குள் நீங்களே தேர்ந்துகொள்ளலாம். வேலை கையில் இல்லையென்றால் பிந்திய தேதியைக் கேளுங்கள், ஏனென்றால் அந்த 90 நாள் கணக்கு அந்தத் தேதிக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும்.

முனைவர் பட்டம் பற்றி வீட்டார் சொல்வதை முழுதாக ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. ஆய்வக இயக்குநராக வேண்டும் என்ற விருப்பம் உண்மையிலேயே இருந்தால், மருத்துவப் பட்டம் இல்லாத உங்களுக்கு அதுதான் வழி. முடித்தபின் உயர்பட்டத்தின் பேரில் புதிதாக ஓபிடியும் ஸ்டெம் நீட்டிப்பும் கிடைக்கும். விசாவுக்காக மட்டும் ஐந்தாறு ஆண்டுகள் படிக்கப் போகாதீர்கள். அங்கேயும் நமக்கு அடைபட்ட வழிகள் உண்டு: என்ஐஎச்சின் டி32, எஃப்32 என்ற பயிற்சி உதவித்தொகைகள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கான கே99 நிதியுதவி அப்படியன்று, அதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. கிரீன் கார்டு வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது என்பதால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டின் இரண்டாம் பிரிவில் பத்தாண்டுக்கு மேலான காத்திருப்பு இருக்கிறது. முனைவர் பட்டமும் நல்ல வெளியீடுகளும் இருந்தால் முதல் பிரிவை முயலலாம், அங்கே வரிசை சிறியது. படிப்பதற்கு நான் கண்ட விசாக் காரணங்களில் ஓரளவு நியாயமானது இது ஒன்றுதான்.

நான் பயிர் மரபியலில் இருப்பவன், ஆதலால் இதையும் சொல்கிறேன். மனித மரபியல் படித்தவர்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. தரவை அலசத் தெரிந்தவருக்கு விதை நிறுவனங்களான அயோவாவிலுள்ள கோர்ட்டேவாவும், செயின்ட் லூயிஸிலுள்ள பேயரும், அரசு நிலக்கொடையில் தொடங்கிய நிலமானியப் பல்கலைக்கழகங்களின் பயிர்ப்பெருக்கத் துறைகளும் வேலை வைத்திருக்கின்றன. ஒரு குணத்துக்குக் காரணமான மரபணுக்களைத் தேடும் புள்ளியியல் மக்காச்சோளத்துக்கும் மனிதருக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. நடுமேற்கில்தான் இருக்கிறீர்கள், உங்கள் பல்கலைக்கழகத்திலேயே அத்தகைய துறை இருந்தால், அங்குள்ள பேராசிரியர் ஒருவரிடம் இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நெல்மணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் உச்சவரம்பற்ற எச்-1பி பெற்றவர் பின்னர் தனியார் நிறுவனத்துக்கு முழுதாக மாற விரும்பினால் அப்போது குலுக்கலில் கலந்துகொண்டே ஆக வேண்டும். பல்கலைக்கழக வேலையை விடாமல், அதோடு பகுதிநேரமாக நிறுவனத்திலும் பணியாற்றுவதற்குத் தனி மனு போட முடியும், அதற்குக் குலுக்கல் தேவையில்லை. எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார். ஏப்ரலில் எங்கள் ஆய்வகத்தில் இரண்டு இடங்கள் காலியாகக்கூடும். ஸ்டெம் நீட்டிப்புக்குத் தேவையான ஈ-வெரிஃபையில் நாங்கள் இருக்கிறோம். டிடிஎன் பற்றிய அந்த ஒரு பத்தியை எழுதித் தனிமடலில் அனுப்புங்கள், குழுத் தலைவரிடம் கொடுக்கிறேன்.