போக்கர் டர்போ டோர்னமெண்ட்: நான்கு பேர் மீதி, மூன்று பேருக்குப் பரிசு. ஏஸ்-ஒன்பதை ஃபோல்ட் செய்தது சரியா?

தேம்ஸ்காரன்:
லண்டனில் ஒரு காசினோவில் வாரநாள் இரவு நடக்கும் டர்போவில் விளையாடுகிறேன். லெவலுக்கு 15 நிமிடம், அதாவது 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் (கட்டாயப் பந்தயம்) ஏறும். போன வாரம் நான்கு பேர் மீதி. பரிசு 500, 300, 200 பவுண்ட்; நான்காமவருக்கு ஒன்றும் கிடையாது. ஸ்மால் பிளைண்ட் 2,000, பிக் பிளைண்ட் 4,000; பிக் பிளைண்டில் இருப்பவர் அதற்கு மேல் கட்டும் ஆன்ட்டி 4,000. பிக் பிளைண்டில் நான். ஆன்ட்டியும் பிளைண்டும் கட்டும் முன் என்னிடம் 40,000 சிப். மற்ற இருவரிடமும் தலா 42,000, இருவரும் ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள்). ஸ்மால் பிளைண்டில் இருந்தவர் பிளைண்ட் உட்படத் தன் 36,000-ஐயும் பந்தயமாகத் தள்ளிவிட்டார். எனக்கு ஏஸ்-ஒன்பது, வேறு வேறு சூட். ஃபோல்ட் செய்தேன். கூட வந்த நண்பர், டர்போவில் ஏஸைத் தூக்கிப் போடுகிறவன் எப்படி ஜெயிப்பான் என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் சொல்வது சரியா?

ரிவர்ராஜா:
உங்கள் நண்பர் பக்கம்தான் நான். நீங்கள் கால் செய்ய (அவர் பந்தயத்துக்கு ஈடுகட்ட) இன்னும் 32,000 போட்டால் பாட், அதாவது நடுவில் சேரும் மொத்தச் சிப், 76,000. 42% வெற்றி வாய்ப்பு இருந்தாலே கால் செய்யலாம். ஏஸ்-ஒன்பதுக்கு அது தாராளமாக இருக்கிறது.

கடைசிமேசை:
ரிவர்ராஜா, சிப் கணக்கு சரி. ஆனால் சிப்பை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, பவுண்டைத்தான் எடுத்துப் போகிறோம். ஐசிஎம் முறையில் (சிப்பைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும் கணக்கு) போட்டுப் பார்த்தேன். ஃபோல்ட் செய்தால் கையில் 32,000 சிப், அதன் மதிப்பு சுமார் 215 பவுண்ட். கால் செய்து ஜெயித்தால் 76,000. சிப் இரண்டு மடங்குக்கு மேல் ஆவதால் மதிப்பும் குறைந்தது 430 ஆகும் என்று நினைப்போம், ஆகாது, 376தான். தோற்றால் பூஜ்யம். 215-ஐ 376-ஆல் வகுத்தால் 57%. ஆக, நீங்கள் சொன்ன 42 இங்கே 57 ஆகிவிடுகிறது. பபிளில் (இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்றவர்களுக்குப் பரிசு உறுதி என்ற கட்டத்தில்) நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன.

தேம்ஸ்காரன், இனி எதிராளியைப் பாருங்கள். சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறவர் என்றால் ஏஸ்-ஒன்பது சுமார் 60% ஜெயிக்கும், கால் செய்யலாம். மேலான மூன்றில் ஒரு பங்கு சீட்டுகளோடு மட்டும் தள்ளுகிறவர் என்றால் அந்த 57-ஐத் தொடவே தொடாது. வாரநாள் மேசையில் பலரும் இந்த இரண்டாவது வகை. உங்கள் ஃபோல்ட் நல்ல ஃபோல்ட்.

ஆனால் நண்பர் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. டர்போவில் பொறுமையாக உட்கார்ந்தால் செத்துப்போவோம். காசினோவில் மணிக்கு 30 கை ஓடுவதே அதிகம். 15 நிமிடத்தில் ஏழெட்டுக் கை. ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்றுக்கூட முடியாது, அதற்குள் பிளைண்ட் ஏறிவிடும். 12 பிளைண்ட் (பிக் பிளைண்டைப் போல 12 மடங்கு சிப்) வைத்துக்கொண்டு ஒரு சுற்று முழுக்க ஃபோல்ட் செய்தால், பிக் பிளைண்ட் ஒன்று, ஸ்மால் பிளைண்ட் அரை, ஆன்ட்டி ஒன்று என இரண்டரை போய்விடும். அப்புறம் பிளைண்ட் ஒன்றரை மடங்கானால் கையில் ஆறு சொச்சம்தான் மிச்சம். அதனால் நான் எப்போதும் சொல்வது: தள்ளுகிற ஆளாக இருங்கள், கால் செய்கிற ஆளாக இருக்காதீர்கள். தள்ளினால் இரண்டு வழியில் ஜெயிக்கலாம்: எதிராளி ஃபோல்ட் செய்யலாம், அல்லது நம் சீட்டு ஜெயிக்கலாம். கால் செய்தால் சீட்டைக் காட்டி ஜெயிக்கிற ஒரே வழிதான்.

தேம்ஸ்காரன்:
நன்றி அண்ணா. எத்தனை பிளைண்ட் இருக்கும்போது தள்ளத் தொடங்குவீர்கள்? ஐந்தாறு வரும்வரை நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பது என் வழக்கம்.

கடைசிமேசை:
அவ்வளவு கீழே போக விடாதீர்கள். நான்கு பிளைண்டோடு தள்ளினால், பிக் பிளைண்டில் இருப்பவர் மூன்று போட்டு ஒன்பதரையைப் பிடிக்கலாம். அவருக்கு 32% போதும், கிட்டத்தட்ட எந்தச் சீட்டோடும் கால் செய்வார். பத்தோடு தள்ளினால் அவருக்கு 42% வேண்டும், அப்போதுதான் யோசிப்பார். உங்கள் பக்கக் கணக்கும் நன்றாகவே இருக்கிறது: பாட்டில் இரண்டரை பிளைண்ட் கிடக்கிறது. கால் வாங்கினால் 35%தான் ஜெயிப்பீர்கள் என்று வைத்தாலும், இரண்டில் ஒரு தடவை எல்லோரும் ஃபோல்ட் செய்தால் சிப்பில் நஷ்டமில்லை. எனவே பட்டனிலும் (ஸ்மால் பிளைண்டுக்கு முந்தைய இடம்) ஸ்மால் பிளைண்டிலும் பத்துக்கு வந்ததுமே, எனக்கு முன்னால் யாரும் உள்ளே வராவிட்டால், கிங்-ஒன்பது ஒரே சூட்டில் இருந்தால்கூடத் தள்ளிவிடுவேன்.

பபிளில் ஒரு வித்தியாசம் உண்டு. உங்களை வெளியேற்றும் அளவுக்கு சிப் வைத்திருப்பவர் பிக் பிளைண்டில் இருந்தால் கொஞ்சம் இறுக்குங்கள். உங்களைவிடக் குறைவாக, ஏழெட்டு பிளைண்டோடு இருந்தால் அவர்தான் பயப்பட வேண்டும், அங்கே தாராளமாகத் தள்ளுங்கள்.

ரிவர்ராஜா:
கணக்கைப் பார்த்தபின் ஒப்புக்கொள்கிறேன். இருவர் மட்டும் மிஞ்சினாலும் இதே இறுக்கம் வேண்டுமா?

கடைசிமேசை:
வேண்டாம். அப்போது இருவருக்கும் 300 உறுதி, மீதி 200-க்குத்தான் சண்டை. சிப்பும் பணமும் ஒரே நேர்கோட்டில் ஓடும். அங்கே உங்கள் 42% கணக்குதான் சரி, ஏஸ்-ஒன்பதோடு யோசிக்காமல் கால் செய்யுங்கள்.