புதுப்பிப்பு: கேட்டி ட்ரெயில் போயிட்டு வந்தாச்சு

அமெரிக்காவுல மிசௌரி ஆத்தங்கரையில இருக்கற சைக்கிள் பாதை கேட்டி ட்ரெயிலுக்கு 32 எம்எம் அகல சைக்கிள் டயர் போதுமா, 40 வேணுமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி, 40 தான் போட்டேன், அருமையா இருந்துச்சு.

பழைய எம்கேடி (மிசௌரி-கான்சாஸ்-டெக்சாஸ்) ரயில் கம்பெனியோட பாதை இது, கிட்டத்தட்ட 385 கி.மீ., தண்டவாளத்த எடுத்துட்டு சுண்ணாம்புக்கல் தூள் போட்டு கெட்டிப்படுத்தியிருக்காங்க, ரயில் போன பாதைங்கறதால மூச்சு வாங்க வைக்கிற ஏத்தமே இல்ல. நாங்க ரோச்போர்ட் ஊர்ல 1893ல கட்டின ரயில் சுரங்கப்பாதைய பாத்துட்டு கிழக்க திரும்பி ஹார்ட்ஸ்பர்க் வரை சுமார் 40 கி.மீ. போனோம், ஒரு பக்கம் செங்குத்தா வெள்ளைப் பாறை, இன்னொரு பக்கம் கலங்கலா ஆறு, அந்த இடத்துல வேகமா மிதிக்க மனசே வராதுங்க. மேக்பெயின் ஊர் கிட்ட வயல் நடுவுல ஒத்தையா நிக்கற பெரிய பர் ஓக் மரத்த பாக்காம விட்றாதீங்க, 2020ல இடி விழுந்து உள்ள தீப்பிடிச்சும் பொழச்ச மரம்.

மழை பெஞ்ச மறுநாள் மட்டும் வேணாம், பாதையில போட்ட தூள் ஊறி சக்கரத்த இழுக்குது, செயின்லயும் பசை மாதிரி ஒட்டிக்குது. குழந்தைங்களோட போலாமான்னு கேட்டவங்களுக்கு: தாராளமா போலாம், தண்ணி மட்டும் கூடுதலா எடுத்துக்கோங்க.