லெப்பர்ட் கெக்கோவுக்கு வாங்கும் கிரிக்கெட் பூச்சிகள் சில நாட்களிலேயே இறந்துபோகின்றன

கடலோரம் (வெள்ளவத்தை):
வணக்கம். எங்கள் தொடர்மாடி வீட்டில் ஒரு லெப்பர்ட் கெக்கோ (புள்ளிகள் கொண்ட ஒரு வகைப் பல்லி) வளர்கிறது. அதற்காக வாங்கும் கிரிக்கெட் பூச்சிகளை, மூடியில் சிறு துளைகளிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் முட்டை அட்டைகளும் நனைத்த பஞ்சும் கரட் துண்டுகளும் இட்டு வைக்கிறோம். ஆயினும் சில நாட்களிலேயே பாதிக்கு மேல் இறந்துவிடுகின்றன. பெட்டியைத் திறந்தால் கடும் நெடி வீசுகிறது. இதற்குப் பதிலாக மீல்வேர்ம்களை (ஒரு வகை வண்டின் புழுக்கள்) மட்டும் கொடுத்தால் போதுமா? அவற்றைவிடப் பெரிய சூப்பர்வேர்ம் புழுக்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மூங்கில்:
அந்த நெடி அமோனியா. கிரிக்கெட் பூச்சிகளுக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் போதும் என்பதால் கொழும்பில் தனியாகச் சூடேற்ற வேண்டியதில்லை. இங்கு அவற்றைக் கொல்வது ஈரம்தான். பெட்டிக்குள் இருக்கும் முட்டை அட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். அது நமத்துப்போய், பூச்சிகள் அதை விட்டு விலகிப் பெட்டியின் சுவரில் ஏறி நின்றால், காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். மூடியின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து உலோக வலை ஒட்டுங்கள். பிளாஸ்டிக் வலையை அவை கடித்துவிடும். அட்டைகளை நிமிர்த்தி அடுக்கினால் எச்சம் கீழே விழும். பஞ்சை எடுத்துவிடுங்கள், கரட் துண்டே தேவையான நீரைத் தரும், ஆனால் அதை நாள்தோறும் மாற்ற வேண்டும். இறந்தவற்றையும் அன்றன்றே அகற்றுங்கள். பெட்டியை வைத்த மேசையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பும் அண்டாது.

தெஹிவளை வாசி:
மீல்வேர்ம்களைக் குளிரில் வைக்கலாம். 10 பாகைக்கு அருகில் அவற்றின் வளர்ச்சி மந்தமாகும். வாரத்திற்கு ஒருமுறை வெளியே எடுத்து, தவிட்டோடு கரட்டும் கொடுத்து, ஒரு நாள் கழித்துத் திரும்ப வையுங்கள். சூப்பர்வேர்ம்களோ குளிரில் இறந்துவிடும். ஆனால் எந்த ஒரு பூச்சியை மட்டும் நம்பியிருப்பதும் நல்லதல்ல. உணவில் பொசுபரசு ஒரு பங்கென்றால் கல்சியம் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். கிரிக்கெட் பூச்சி, மீல்வேர்ம் இரண்டிலுமோ பொசுபரசே பல மடங்கு அதிகம். இக்குறை தொடர்ந்தால் பல்லியின் தாடை மென்மையாகிக் கால்கள் வளையத் தொடங்கும், அதன் பின் மருந்தால் அவற்றை முற்றாக நேராக்குவது அரிது. ஆகவே கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே பூச்சிகளுக்கு முருங்கையிலையும் பூசணியும் தின்னக் கொடுங்கள். கொடுக்கும்போது கல்சியத் தூளில் புரட்டுங்கள். கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், அவற்றில் இயற்கையாகவே கல்சியம் மிகுதி. பல்லி தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சிகளை இரவில் கூண்டில் விடாதீர்கள். அவை பல்லியைக் கடிக்கும்.

மூங்கில்:
இன்னொன்றையும் அவசியம் கவனியுங்கள். டெங்கு காலத்தில் நுளம்புப் புகை அடிப்பதாக அறிவித்தால், பூச்சிப் பெட்டியையும் கெக்கோவின் கூண்டையும் உள்ளறைக்கு மாற்றி யன்னல்களைச் சாத்துங்கள். புகைபட்ட பூச்சிகள் உயிரோடிருந்தாலும் உணவாகக் கொடுக்கக் கூடாது. தோட்டத்தில் பிடித்தவையும் வேண்டாம். வட அமெரிக்க மின்மினிகளைத் தின்று பியர்டட் டிராகன் என்னும் வளர்ப்புப் பல்லிகள் இறந்ததுண்டு. எனவே நம் ஊர் மின்மினிகளையும் தவிருங்கள்.

கடலோரம்:
இருவருக்கும் மிக்க நன்றி. வலை மூடியை இன்றே செய்கிறோம். முருங்கையிலையைக் கழுவி உலர்த்தித்தான் இட வேண்டுமா?

தெஹிவளை வாசி:
ஆம், நன்றாகக் கழுவி, துணியில் ஒற்றி ஈரம் போக்கி இடுங்கள். மீந்ததை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.