பட்டறை வேலைக்கு விலை குறைந்த கேட் (CAD, கம்ப்யூட்டரில் வரையும்) மென்பொருள் எது? உதவி வேண்டும்

இரும்புத்துகள்:
வணக்கம். கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவும் நானும் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறோம். பைப் கிளாம்ப், பிராக்கெட், மோட்டார் பேஸ் பிளேட் இவைதான் பெரும்பாலும் வேலை. இதுவரை அப்பா சாக்பீஸால் தகட்டிலேயே கோடு போட்டுத் தருவார், நான் வெட்டித் துளை போடுவேன். இப்போது லேசர் கட்டிங்குக்கு வெளியே கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். அங்கே "டிஎக்ஸ்எஃப் ஃபைல் கொண்டு வாங்க" என்கிறார்கள், அதாவது கம்ப்யூட்டரில் வரைந்த படம். வரைந்து தர ஆள் பிடித்தால் ஒவ்வொரு முறையும் தனிக் காசு. ஒரு துளையை நகர்த்தவும் ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நானே கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஐடிஐ டர்னர். டிராயிங் பார்த்து வேலை செய்யத் தெரியும், கம்ப்யூட்டரில் வரைந்ததில்லை. லேப்டாப்பில் 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது. தெரிந்தவர் ஒருவர் ஆட்டோகேட் கிராக் போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா?

மூன்றாமாண்டு மெக்கானிக்கல்:
அண்ணா, ஃபியூஷன் என்ற கேட் மென்பொருள் போடுங்க. பர்சனல் லைசென்ஸ் இலவசம். வீடியோ பாடங்களும் நிறைய இருக்கின்றன.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
தம்பி சொல்வது படிக்கிறவர்களுக்குச் சரி. ஆனால் ஃபியூஷனின் அந்த இலவச உரிமம் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கானது. நீங்கள் செய்து விற்கிறீர்கள், அதனால் உங்களுக்குப் பொருந்தாது. திருத்தக்கூடிய ஃபைலும் ஒரு நேரத்தில் பத்துதான். ஆன்ஷேப் என்று இன்னொன்று, பிரவுசரிலேயே ஓடும், லேப்டாப்புக்குச் சுமை இல்லை. ஆனால் அதன் இலவசக் கணக்கில் வரைவதெல்லாம் யாரும் பார்க்கும்படி இருக்கும், தொழிலுக்கும் அனுமதி இல்லை. வாடிக்கையாளர் கொடுத்த டிசைனை அப்படி வைக்கலாமா?

கிராக் வேண்டவே வேண்டாம். நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதே லேப்டாப்பில்தானே ஜிஎஸ்டி பில்லும் போடுகிறீர்கள்?

எந்த மென்பொருள் பெரியது என்று பார்க்காதீர்கள், உங்கள் ஃபைலை வாங்கப்போகிறவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். லேசர் கடைக்கு டிஎக்ஸ்எஃப் போதும். 1982இல் ஆட்டோகேடோடு வந்த வடிவம்தான் அது, ஆனால் அதை எழுத ஆட்டோகேட் தேவையில்லை. தட்டையான பிளேட்டுக்கு லிப்ரேகேட் போடுங்கள். முழுக்க இலவசம், தொழிலுக்கும் தடையில்லை, உங்கள் லேப்டாப்பில் தாராளமாக ஓடும். சேமிப்பதே டிஎக்ஸ்எஃப் ஆகத்தான்.

வளைத்த பாகமோ விஎம்சியில் (கம்ப்யூட்டர் வழி ஓடும் மில்லிங் மெஷின்) செதுக்க வேண்டிய பாகமோ வந்தால் ஃப்ரீகேட். அதுவும் இலவசம்தான். விஎம்சிக்காரர் கேட்கும் ஸ்டெப் ஃபைலும் (முப்பரிமாண வடிவம்) அதில் எடுக்கலாம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ போடுங்கள். பழைய பதிப்புகளில் முதல் ஸ்கெட்ச்சில் ஓர் அளவை மாற்றினால் பின்னால் போட்ட ஃபில்லட் (விளிம்பு உருட்டல்) எல்லாம் இடம் மாறி உடையும். பாதிப் பேர் அங்கேதான் வெறுத்துப்போய் விட்டுவிட்டார்கள். 1.0இல் அது பெருமளவு சரியாகிவிட்டது.

ஆகச் செலவு எதுவும் இல்லை. அந்த 5,000 ரூபாயில் நல்ல மவுஸ் ஒன்று வாங்குங்கள். நடுவில் உருளும் சக்கரம் கட்டாயம். டச்பேடில் வரைந்தால் கை வலியே மிஞ்சும்.

இரும்புத்துகள்:
ரொம்ப நன்றி அண்ணா. லிப்ரேகேடில் ஒரு பேஸ் பிளேட் வரைந்துவிட்டேன். 120க்கு 50 மி.மீ., நடுவிலிருந்து நடுவுக்கு 90 இடைவெளியில் இரண்டு துளை. ஆனால் லேசர் கடையில் திறந்ததும் நீளம் 3048 என்று காட்டுகிறது! அங்கிருப்பவர் "தகடே அவ்வளவு நீளம் இல்லையே" என்கிறார். எங்கே தப்பு?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
3048ஐ 120ஆல் வகுங்கள். 25.4 வரும், ஓர் அங்குலத்துக்கு அத்தனை மி.மீ. உங்கள் ஃபைலில் அலகு அங்குலம் என்று பதிந்திருக்கிறது. லிப்ரேகேடில் அந்த வரைபடத்தின் அமைப்புக்குள் போய் யூனிட்டை மில்லிமீட்டர் ஆக்கிச் சேமியுங்கள். புதிய வரைபடங்களுக்கான இயல்பு அலகையும் அப்படியே மாற்றிவிடுங்கள். கடையில் திறந்ததும் வெட்டுவதற்கு முன் ஒரு பக்கத்தையாவது அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஷீட்மெட்டல்காரர்:
நானும் ஒன்று சொல்கிறேன். ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு படிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர் அதே இடத்தில் இரண்டு தரம் ஓடும். பிளேட்டின் கோடுகளைத் தனி லேயரில் வைத்து, சென்டர் லைன், அளவுக்கோடு எதுவும் ஃபைலில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளை எம்8 (8 மி.மீ.) போல்ட்டுக்குத்தானே? 8 என்று போடாதீர்கள், 9 போடுங்கள்.

வளைத்த கிளாம்ப்புக்கு ஃப்ரீகேடில் ஷீட்மெட்டல் ஆட்-ஆன் இருக்கிறது. விரித்த வடிவத்தை அதுவே கொடுக்கும். ஆனால் வளைக்கும்போது தகடு எவ்வளவு நீளும் என்று கணக்கிட உதவும் கே-ஃபேக்டர் எவ்வளவு என்று பிரஸ் பிரேக் (தகடு வளைக்கும் மெஷின்) வைத்திருப்பவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். அவர் டையும் தகட்டின் கனமும் மாறினால் அதுவும் மாறும்.

இரும்புத்துகள்:
யூனிட் மாற்றியதும் சரியாகிவிட்டது அண்ணா. இன்று இரண்டு பிளேட் வந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், நீளம் 120க்கு இம்மிதான் வித்தியாசம். துளைகளை 9 போட்டிருந்ததால் எம்8 போல்ட் தடையில்லாமல் இறங்கியது. அப்பா இரண்டு பிளேட்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளைகளைப் பார்த்தார். "அடுத்தது சேடில் கிளாம்ப் வரை" என்றார். பைப்பின் மேல் வளைந்து பிடிக்கும் கிளாம்ப் அது.

ஒரு அங்குலம், ஒன்றரை, இரண்டு அங்குல ஜிஐ பைப்புக்கு மூன்று அளவில் கிளாம்ப் வேண்டும். மூன்றையும் தனித்தனியாகத்தான் வரைய வேண்டுமா?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
வேண்டாம். இதற்கு ஃப்ரீகேடுக்கு மாறுங்கள். அதிலேயே ஸ்பிரெட்ஷீட் இருக்கிறது. பைப் விட்டத்தை ஒரு கட்டத்தில் எழுதி, ஸ்கெட்ச்சின் அளவை அதோடு இணையுங்கள். எண்ணை மாற்றினால் கிளாம்ப்பும் மாறும். ஸ்கெட்ச் முழுக்கப் பச்சை நிறம் ஆகும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பச்சை ஆகவில்லை என்றால் எங்கோ ஓர் அளவு கொடுக்காமல் விட்டிருக்கிறது.

கட்டத்தில் 25.4 என்று எழுதிவிடாதீர்கள். ஒரு அங்குல ஜிஐ பைப்பின் வெளி விட்டம் 33.7 மி.மீ. வரும், ஒன்றரைக்கு 48.3, இரண்டுக்கு 60.3. பைப்புக்குப் பைப் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கையில் இருக்கும் துண்டை வெர்னியரில் அளந்து அந்த எண்ணைப் போடுங்கள்.