மறைக்கல்வி வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்கள், பாடம் எடுத்தவர்கள் எல்லாரும் எழுதலாம். என்னுடையதை முதலில் போடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு உயிரியலும் மறைக்கல்வியும் அடுத்தடுத்த பீரியட். முதலில் பரிணாமம், மணி அடித்ததும் படைப்பு. ஒரு பையன் எழுந்து, "சிஸ்டர், பரீட்சையில் எதை எழுதுவது?" என்று கேட்டுவிட்டான். சிஸ்டர் கோபப்படவில்லை. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, விவிலியத்தின் முதல் புத்தகமான தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை எங்களையே வாசிக்கச் சொல்லி, படைப்பின் வரிசையை இடப்பக்கம் எழுதினார்: செடிகொடி, மீன், பறவை, விலங்கு, கடைசியில் மனிதர். வலப்பக்கம் இரண்டாம் அதிகாரம். அதில் முதலில் மனிதன், அப்புறம் தோட்டம், அதற்கப்புறம்தான் விலங்கும் பறவையும். "தொகுத்தவர்கள் கண்ணில் இது படாமலா இருந்திருக்கும்? தெரிந்தே இரண்டையும் வைத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் சொல்ல வந்தது வரிசையை இல்லை" என்றார்.

மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவைத்தான் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-லேயே எழுதியதையும், பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லமேத்ர் ஒரு குருவானவர் என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டோம். அடுத்த வருடம் வேறொருவர் வந்தார். கேள்வி கேட்டால் "உனக்கு விசுவாசம் போதாது, உட்கார்" என்பார். பாடப்புத்தகம் என்னவோ அதேதான்!

மறுமொழி 1

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் எனக்குப் பிடித்த பீரியட் அதுதான், காரணம் சண்டை. விவிலியத்தில் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட உவமை வருமே, காலையிலிருந்து உழைத்தவனுக்கும் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே தெனாரியம் (அந்தக் கால வெள்ளிக்காசு) கூலி? முதல் பெஞ்சுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். நாள் முழுக்க வெயிலில் காய்ந்தவனும் இவனும் ஒன்றா என்று ஒரே கூச்சல். அப்போது கடைசி பெஞ்சில் வழக்கமாகத் தூங்குகிற ஒருத்தன், "சார், அவன் சும்மா நிற்கவில்லை. யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று அவனே சொல்கிறான், வேலை கிடைக்காதவனுக்கும் பசிக்கும்தானே?" என்றான். சார் ஏழாம் வசனத்தை அவனையே உரக்க வாசிக்க வைத்தார். முதல் பெஞ்சு அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை.

திருப்பலிக்கு, அதாவது கோயில் பூசைக்கு, எங்களையும் அழைத்துப் போவார்கள். கட்டாயப்படுத்தியதில்லை. நற்கருணை அப்பம் வாங்கப் போகும் நேரத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன், வரிசையில் எல்லாரும் என் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். அந்தக் கூச்சம் கடைசி வருடம் வரை போகவில்லை.

மறுமொழி 2

நான் மறைக்கல்வி ஆசிரியர். தவக்காலத்தில் வகுப்பு வகுப்பாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் தனியாகத் தங்கள் பாவங்களைச் சொல்ல, அழைத்துப் போவோம். உள்ளே போனவன் எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று வெளியே கணக்குப் போடுவதுதான் பிள்ளைகளுக்கு வேலை. "மூன்று நிமிஷம் ஆச்சுடா, அப்படி என்ன பண்ணினான்?" என்று ஒரு குரல் வரும். அதனால் வரிசையைத் தள்ளி நிறுத்துகிறேன்.

அங்கே சொன்னது தலைமை ஆசிரியர் காதுக்குப் போகுமோ என்று சிலருக்கு உண்மையாகவே பயம். போகாது. குரு தான் கேட்டதை எந்த வகையிலும் வெளியிடுவது குற்றம் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆவது பிரிவு. 985 இன்னும் கறார்: நிறுவனத் தலைவராக இருக்கும் குரு, அங்கேயே தங்கிப் படிக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கவே கூடாது, அவர்களாக விரும்பிக் கேட்டால் தவிர. இதை வகுப்பில் சொன்ன பிறகு முகங்கள் கொஞ்சம் தெளிந்தன.

மார்க் விஷயம்தான் தலைவலி. "நான் இதை நம்பவில்லை" என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் உண்டு. திருச்சபை சொல்வதை முதலில் சரியாக எழுதிவிட்டு அப்புறம் மறுத்திருந்தால் முழு மார்க் போடுவேன். மறைக்கல்வி எடுக்கும் மற்றவர்களோடு இதில் எனக்கு இன்றுவரை தகராறுதான்.