மதிப்பின் வகையைச் சோதித்தும் தப்பிவந்த பிழைகள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வணக்கம். மூன்று நாட்கள் என்னைத் தூங்கவிடாத ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். இதுபோன்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் சொல்லுங்கள்.

கணக்கெடுப்புத் தரவைக் கூட்டித் தரும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை குழந்தைகள் என்பது ஒரு புலம். வேறொரு நிரல் ஜேசான் (நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம்) கோப்பாக அனுப்பும் தரவு என்பதால், வந்திருப்பது முழு எண்தானா என்று, மதிப்பின் வகையைச் சோதிக்கும் இஸ்இன்ஸ்டன்ஸ் கொண்டு பார்த்த பிறகே கூட்டலுக்கு விட்டேன். சரம், அதாவது எழுத்துத் தொடர், வந்தால் தள்ளிவிடும். ஒன்றும் இல்லாமல் வந்தாலும் தள்ளிவிடும். அப்படியும் மொத்தம் உதைத்தது. கையால் எண்ணிப் பார்த்தால் ஒரு கணக்கு, நிரல் சொல்வது வேறு கணக்கு.

மூன்றாம் நாள், சோதனையில் தேறிய மதிப்புகளை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன். 2, 0, 3, ட்ரூ, 1. எண்களுக்கு நடுவே 'ஆம்' என்று பொருள்படும் ஒரு ட்ரூ! சில வீடுகளுக்கு எண்ணிக்கையைப் போடாமல், 'குழந்தைகள் உண்டா' என்ற கேள்விக்கான விடையை அதே புலத்தில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ட்ரூ முழு எண்ணா என்று இஸ்இன்ஸ்டன்ஸைக் கேட்டால் ஆம் என்கிறது. ட்ரூவையும் ட்ரூவையும் கூட்டினால் 2 வருகிறது.

காரணத்தைத் தேடிப் படித்தேன். ட்ரூ, ஃபால்ஸ் (ஆம், இல்லை) என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட பூலியன் பைத்தானுக்குத் தனி வகையாக வந்தது 2003இல், 2.3 பதிப்பில்தான். அதுவரை பலரும் 1, 0 என்றே எழுதிவந்தார்கள். அந்தப் பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்று பூலியனை முழு எண்ணின் வழித்தோன்றலாக, அதாவது முழு எண்ணின் ஒரு துணை வகையாக, வைத்தார்கள். நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். இதை என் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் இருக்கிறது.

இஸ்இன்ஸ்டன்ஸை எடுத்துவிட்டு, மதிப்பின் வகை முழு எண்ணேதானா என்று நேராக ஒப்பிட்டுப் பார்த்தேன். ட்ரூ தடுக்கப்பட்டது. ஆனால் இப்படிச் செய்தால், முழு எண்ணிலிருந்து வழிவந்த மற்ற வகை மதிப்புகளும் தடுக்கப்படும். இப்போது முதலில் பூலியனா என்று கேட்டு விலக்கிவிட்டு, அதன் பிறகே முழு எண்ணா என்று கேட்கிறேன்.

மறுமொழி 1

எனக்கு ஜாவாஸ்கிரிப்டில் நேர்ந்தது. வந்த முகவரி ஒரு ஆப்ஜெக்டா (பல விவரங்களைச் சேர்த்து வைக்கும் மதிப்பா) என்று, மதிப்பின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப் கொண்டு கேட்டு, ஆம் என்றால் அதன் அஞ்சல் குறியீட்டைப் படிக்கும் ஒரு வரி. புதிய பயனர்களுக்கு முகவரியே இருக்காது. டைப்ஆஃப் 'அன்டிஃபைன்ட்' (வரையறுக்கப்படவில்லை) என்று சொல்லும், வரி ஒழுங்காக விலகிக்கொள்ளும். நான் சோதித்ததெல்லாம் புதிய பயனர்களை வைத்துத்தான். முகவரியை ஒருமுறை கொடுத்துவிட்டுப் பிறகு அழித்தவர்களுக்கு அந்த இடத்தில் 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் நல் (null) என்ற மதிப்பு இருந்தது. நல்லுக்கும் டைப்ஆஃப் 'ஆப்ஜெக்ட்' என்றே விடை தரும். அவர்களுக்கு மட்டும் பக்கம் பாதியில் நின்றது.

இதன் வேர் 1995இல் எழுதிய ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மதிப்பின் கடைசி பிட்டுகளிலும் (0, 1 என்ற இலக்கங்களிலும்) அதன் வகைக்கான குறி இருந்தது. ஆப்ஜெக்டின் குறி 0. நல்லில் எல்லா பிட்டுகளும் 0. அதனால் அதுவும் ஆப்ஜெக்ட் ஆகிவிட்டது. பின்னாளில் திருத்தலாம் என்று பேச்சு எழுந்தது. ஏற்கெனவே இயங்கும் தளங்கள் உடையும் என்பதால் கைவிட்டார்கள்.

மறுமொழி 2

நண்பரே, நல்லாவது நிரலை நிறுத்திக் காட்டிக்கொடுத்தது. ஜாவாஸ்கிரிப்டில் என்னை ஏமாற்றியது நேன் (NaN). 'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர். ஆனால் டைப்ஆஃப் அதை 'நம்பர்' என்கிறது.

வெப்ப அளவீடுகளின் சராசரியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்து 12,5 என்று எழுதியிருந்தார். அதை எண்ணாக மாற்றியபோது நேன் ஆனது. டைப்ஆஃப் சோதனையில் தேறி உள்ளே போய், அந்த மாதத்தின் சராசரி முழுவதையும் நேன் ஆக்கிவிட்டது. சரி, நேனுக்குச் சமமா என்று கேட்டு வடிகட்டலாம் என்றால், நேன் தனக்குத் தானே சமம் இல்லை. இப்போது நம்பர்.இஸ்ஃபைனைட் என்ற சோதனையை வைத்திருக்கிறேன். நேனையும் முடிவிலியையும் சேர்த்தே தடுக்கிறது.

மறுமொழி 3

அணிகளையும் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்களையும்) மறந்துவிடாதீர்கள். டைப்ஆஃப் அவற்றையும் ஆப்ஜெக்ட் என்றுதான் சொல்லும். அணியா என்று சோதிக்க, ஜாவாஸ்கிரிப்டின் 2009 தரநிலையில் வந்த அரே.இஸ்அரே இருக்கிறது.

தொடங்கியவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நல் தப்பிய கதையைப் படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. ட்ரூ இருந்தால் ஃபால்ஸும் இருந்திருக்க வேண்டுமே? கோப்பைத் திரும்பத் தேடினேன். 11 இடங்களில் இருந்தது. 0 ஆகக் கூடியதால் மொத்தத்தில் அது தெரியவே இல்லை. அந்த 11 வீடுகளிலும் குழந்தைகள் இல்லை என்பதால் கணக்கு தற்செயலாகச் சரியாகவே இருந்திருக்கிறது. ட்ரூ வந்த வீடுகளுக்குத்தான் உண்மையான எண்ணிக்கை வேண்டும். கேட்டு எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.