பூத்தபின் வெட்டினால் போதுமா? தீவனச் சோளத்தின் சயனைடு பற்றி ஒரு விவாதம்

வெண்ணாற்றங்கரை:
தாளடி அறுத்த வயலில் போர்வெல் தண்ணீரை நம்பித் தீவனச் சோளம் போடுகிறவர்களுக்குப் பங்குனி, சித்திரையில் ஒரே பயம், மாடு தின்று செத்துவிடுமோ என்று. இந்தப் பயம் தேவைக்கு மேல் பரப்பப்படுகிறது என்பது என் வாதம். சோளத்தில் இருப்பது டுரின், சயனைடைப் பூட்டி வைத்திருக்கும் சேர்மம். இலையின் மேல்தோல் செல்களில் டுரின், உட்திசுவின் பசுங்கணிகங்களில் அதைப் பிளக்கும் நொதி என்று இரண்டும் பிரிந்தே கிடக்கின்றன. மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரோசயனிக் அமிலம், அதாவது சயனைடு நஞ்சு, வெளியாகிறது. டுரின் தயாரிப்பின் முதல் படியை நடத்தும் சிஒய்பி79ஏ1 என்ற மரபணு முளைத்த சில நாளில் உச்சத்தில் இயங்கி, பயிர் வளர வளரத் தணிகிறது. இருட்டில் முளைக்கவிட்ட நாற்றின் நுனியில் உலர் எடையில் 30 சதவீதம் வரை டுரின் இருக்கும். பூத்த பயிரில் அது மிகச் சொற்பம். ஆகவே ஒரு விதி போதும்: பாதிப் பயிர் பூத்தபின் வெட்டுங்கள். கோ எஃப்எஸ் 29 என்ற தீவனச் சோள ரகம் என்றால் விதைத்த 65-70 நாளில் முதல் அறுப்பு. நாலு விதி சொன்னால் விவசாயி நாலையும் விட்டுவிடுவார்.

கடைமடை:
அண்ணே, நீங்கள் சொல்லும் விதி முதல் அறுப்புக்குச் சரி. அதுவும் மண் ஈரமாக இருந்தால்தான். டுரின் உற்பத்தியை ஒரு மதகு என்று வைத்துக்கொண்டால், வயது அதன் பலகையை இறக்கி வைக்கிறது, அவ்வளவே. மறுபடி தூக்கிவிட வேறு கைகள் உண்டு. முக்கியமான கை தழைச்சத்து. 2002-இல் டென்மார்க்கில் பஸ்க், மொல்லர் இருவரும் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முளைத்த புதிதில் தழைச்சத்து கொடுத்தால் டுரின் அளவில் மாற்றமில்லை, ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால். வயதான பயிருக்குக் கொடுத்தபோது டுரின் ஏறியது. கூடவே சிஒய்பி79ஏ1, அடுத்த படியை நடத்தும் சிஒய்பி71இ1 இரண்டின் ஆர்என்ஏ அளவும் ஏறியது. அதாவது மரபணு மட்டத்திலேயே உற்பத்தி திரும்பத் தொடங்குகிறது. நீங்கள் "தணிந்துவிட்டது" என்று நம்பும் அதே பயிரில்தான் இது நடக்கிறது.

இதை நம்மூர்க் கணக்கில் வையுங்கள். கோ எஃப்எஸ் 29 பல அறுப்பு ரகம். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஹெக்டேருக்கு 45 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 40 கிலோ யூரியா, கிட்டத்தட்ட ஒரு மூட்டை. அதைப் போட்டுவிட்டு, போரில் தண்ணீர் இறங்கிப் பதினைந்து நாள் பாய்ச்ச முடியாமல் போனால் என்ன ஆகும்? வளர்ச்சி நின்றுவிடும், தழைச்சத்து உள்ளே தேங்கும், டுரின் ஏறும். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் தூரிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். அந்தத் துளிருக்கு நாற்றின் வயதுதான், தூருக்கு எத்தனை மாதமானாலும். பூத்த தட்டைக்கு நடுவே முழங்கால் உயரத் துளிர் நிற்கிற வயலை "பாதிப் பயிர் பூத்துவிட்டது" என்று கணக்கெடுத்து மாட்டை அவிழ்த்துவிட்டால், மாடு முதலில் கடிப்பது அந்த இளசைத்தான்.

வெண்ணாற்றங்கரை:
துளிர் ஆபத்து என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது மேய்ச்சலின் சிக்கல். வெட்டிப் போடுகிறவருக்கு ஏன் அந்தப் பயம்? அந்த ஆய்வையே முழுசாகப் படியுங்கள்: பயிர் வளரும்போது டுரின் தயாராகும் இடம் இலையிலிருந்து தண்டுக்கு நகர்கிறது என்றும் அதில் இருக்கிறது. முதிர்ந்த தட்டையில் தண்டின் எடையே அதிகம், ஆகவே இருக்கும் கொஞ்சமும் நீர்த்துப்போகிறது. உரம் போட்டுப் பயிர் வளர்ந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான். மக்காச்சோளத்திலும் இதே ஒழுங்கு உண்டு. அங்கே டிம்போவா என்ற சேர்மம். அதைத் தயாரிக்க பிஎக்ஸ்1 தொடங்கி வரிசையாக மரபணுக்கள், பெரும்பாலானவை நான்காம் குரோமோசோமில் நெருக்கமாக. இளம்பயிரில் அதிகம், வளர்ந்தபின் குறைவு. அதனால்தான் ஐரோப்பியத் தண்டுத் துளைப்பானின் முதல் தலைமுறையை அது தடுக்கும், பின்னால் வரும் தலைமுறையைத் தடுக்காது. தானியப் பயிர் நாற்றுப் பருவத்தில் நஞ்சை நம்புகிறது, வளர்ந்தபின் நாரையும் சிலிக்காவையும் நம்புகிறது. இந்த அடிப்படையில் நின்றுதான் நான் பேசுகிறேன்.

அரிசிலாறு:
இடையே ஒன்று. வைக்கோலிலும் இந்த நஞ்சு இருக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். நெல்லில் டுரின் தயாரிக்கும் அந்த மரபணுத் தொகுப்பு கிடையாது. அதன் ஆயுதங்கள் மொமிலாக்டோன் போன்ற வேறு வகைச் சேர்மங்கள். நோயோ பூச்சியோ தாக்கும்போது உற்பத்தி கூடும். வைக்கோலைப் பயமின்றிப் போடலாம்.

இப்போது என் கருத்து. நீங்கள் இருவரும் வெட்டும் நாளைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள், தீர்வு விதையில் இருக்கிறது. சோளத்தின் முதல் குரோமோசோமில் சிஒய்பி79ஏ1, சிஒய்பி71இ1, யூஜிடி85பி1 மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. 2012-இல் ஆஸ்திரேலியாவில் ரசாயனத்தால் திடீர்மாற்றம் தூண்டி, டுரினே இல்லாத டிசிடி1 என்ற வரிசையை எடுத்தார்கள். சிஒய்பி79ஏ1-இல் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம். வெளி மரபணு எதுவும் புகுத்தவில்லை. அதே தேடலில் இன்னொரு வரிசையும் கிடைத்தது: நாற்றாக இருக்கும்போது டுரின் இருக்கும், வளர்ந்தபின் இல்லாமல் போகும். வயது சார்ந்த கட்டுப்பாட்டைத் தனியாக மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். காவிரி டெல்டாவுக்குத் தேவை இந்த இரண்டாவது வகை. பூச்சியிடமிருந்து நாற்று தப்பும், மாடும் தப்பும்.

கடைமடை:
இரண்டாவது வகை பற்றி ஒப்புக்கொள்ள எனக்கு மனம் இருக்கிறது, முதல் வகை வேண்டவே வேண்டாம். டிசிடி1 நாற்றுகள் தொடக்கத்தில் மெதுவாக வளர்ந்தன. டுரின் வெறும் நஞ்சு இல்லை, தழைச்சத்தைச் சேர்த்துவைக்கும் கிடங்கும்தான். சயனைடை வெளிவிடாமலே அதை உடைத்துத் தழைச்சத்தைத் திரும்ப எடுக்கும் வழி செடியிடம் இருக்கிறது. டுரின் தயாரிப்பைப் பாதியில் வெட்டினால் நிலைமை இன்னும் மோசம்: கடைசிப் படியான யூஜிடி85பி1 பழுதானால் இடைப்பட்ட நச்சுப் பொருளே செடியை வாட்டுகிறது, பயிர் குட்டையாகிறது. 2018 முதல் இந்தியாவில் படைப்புழு நிற்கிறது. அமெரிக்கச் சோதனையில் டுரின் உள்ள சோளத்தையும் இல்லாததையும் எதிரே வைத்தபோது அந்தப் புழு டுரின் இல்லாத சோளத்தைத்தான் விரும்பித் தின்றது.

இன்னொன்றும் உண்டு. டுரினை நீக்கினாலும், மாட்டைப் பாதிக்கும் இன்னொரு நஞ்சான நைட்ரேட் நீங்காது. அதே வறட்சி, அதே யூரியா மூட்டை. டுரின் இலையிலும் துளிரிலும் மிகுதி, நைட்ரேட் தண்டின் அடியில் மிகுதி. "சயனைடு இல்லாத ரகம்" என்று பெயர் சூட்டிவிட்டால் ஜனங்கள் எல்லாப் பயத்தையும் விட்டுவிடுவார்கள்.

குடமுருட்டி:
கால்நடைப் பக்கத்திலிருந்து எண்களைச் சொல்கிறேன். மாட்டின் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஹைட்ரோசயனிக் அமிலம் சாவுக்குப் போதும். 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். பச்சைத் தீவனத்தில் 200 பிபிஎம் (கிலோவுக்கு 200 மில்லிகிராம்) இருந்தால் மூன்று கிலோவிலேயே அந்த அளவு வந்துவிடும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றும்; 1 கிராம் அமிலத்துக்குச் சுமார் 1.2 கிராம் கந்தகம் செலவாகும். ஆக, பட்டினி மாடு கட்டுக்கட்டாக அவசரமாய் விழுங்குவதுதான் கொல்கிறது. முதலில் வைக்கோல் போட்டு வயிற்றை அரையாவது நிரப்பிவிட்டுச் சோளத்தைக் காட்ட வேண்டும். தாது உப்புக் கலவையில் கந்தகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரிசிலாறு, கடைமடை இருவருக்கும் பொதுவான எச்சரிக்கை: சயனைடில் ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும், நைட்ரேட்டில் சாக்லேட் நிறமாகும். சயனைடுக்கு மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் அடுத்துச் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் கொடுப்பார். நைட்ரேட் பாதிப்புக்கு மெத்திலீன் நீலம். நைட்ரேட் தின்ற மாட்டுக்குச் சோடியம் நைட்ரைட் கொடுத்தால் அதே கேட்டை இன்னும் கூட்டுவதாகிவிடும். அதனால் மருத்துவருக்குப் போன் செய்யும்போது என்ன தின்றது, எப்போது யூரியா போட்டது, எத்தனை நாள் தண்ணீர் இல்லை என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
டாக்டர் ஐயா சொன்ன வைக்கோல் முறையை நானும் எப்போதும் வலியுறுத்துகிறேன். ஆனால் தண்ணீர் இல்லாமல் வாடிப்போன, பூத்தும் பூக்காத பயிரை வைத்துக்கொண்டு ஒருவர் என்னதான் செய்வார்? தூக்கி எறிய முடியுமா?

கடைமடை:
எறிய வேண்டாம். ஒரு தண்ணீர் கட்ட முடிந்தால் கட்டி, பயிர் தெளிந்து திரும்ப வளரும்வரை பொறுங்கள். முடியாவிட்டால் வெட்டி, குழியில் காற்றுப் புகாமல் மூடி நொதிக்கவைத்து ஊறுகாய்ப்புல் போடுங்கள். நொதிக்கும்போது சயனைடில் ஒரு பங்கு ஆவியாகும். குழியைத் திறந்ததும் உடனே போடாமல் காற்றாட விட்டுக் கொடுங்கள். வெட்டிய பச்சையை ஒரு நாள் வாடவைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாடிய இலையிலும் டுரின் இருக்கும். நைட்ரேட்டுக்காக அடியில் ஒரு சாண் விட்டு மேலே அறுங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் சோடியம் கார்பனேட், 0.5 கிராம் பிக்ரிக் அமிலம் கரைத்து, வடிதாளைப் பட்டைகளாக நறுக்கி நனைத்து நிழலில் காயவிடுங்கள். மேல் இலையையும் துளிரையும் பொடியாக நறுக்கிச் சோதனைக் குழாயில் போட்டு, சில சொட்டுக் குளோரோஃபார்ம் விட்டு, தாள் இலையைத் தொடாமல் மேலே தொங்கும்படி கார்க்கால் மூடுங்கள். மஞ்சள் தாள் செங்கல் நிறத்துக்கு எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அவ்வளவு நஞ்சு. தண்டை மட்டும் நறுக்கிச் சோதித்துவிட்டு வயல் முழுதும் சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது. பிக்ரிக் அமிலப் பொடி முழுக்க உலர்ந்தால் வெடிக்கக்கூடியது. அதனால் கரைசலைப் பள்ளி, கல்லூரி ஆய்வகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ தயாரித்து வாங்கிக்கொள்ளுங்கள், பொடியை வீட்டில் வைக்க வேண்டாம்.